வெள்ளை விதவையின் பலன் அட்டவணை

இந்தக் காலத்து மனிதர் ஆளை ஆள் சுகம் விசாரிப்பதில்லை. இலக்கம் கேட்கிறார்கள். ரெலிபோன் கம்பனிக்காரன் லைனை வெட்டினான். வெட்டிய விதம் எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று பிறகு அவனே எடுத்துக் கேட்டான். தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தில் ஒன்று வாங்கினேன். மூன்றாம் நாள் எரிந்து போனது. எரிந்த கேத்திலுக்கு இலக்கம் போடச் சொல்லிக் கடிதம் வந்தது. பல்லுப் பிடுங்கியவன் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டான். பதில் சொல்ல வாய் எங்கே இருக்கிறது?

நான் ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். இங்கே பதினான்கு வருஷம் ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினேன். ஆகையால் எழுத்தில் பிழை இருக்கலாம். நடந்ததில் பிழை இல்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு மாசி மாதம் என் மனிசி புஷ்பவதிக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். முதல் தரம் ஊசி மருந்து ஏற்றினார்கள். அதற்குப் பிறகு சோறு வேகும் மணம் வந்தாலே ஓங்காளித்தாள். நாற்பத்தெட்டுக் கிலோ இருந்தவள் முப்பத்தாறுக்கு இறங்கினாள். பெரிய டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாற்பது கிலோவுக்குக் கீழே இருந்தால் இரண்டாவது ஊசி ஏற்ற மாட்டோம், உடம்பு தாங்காது என்றார். ஊசி ஏற்றாவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் பேனையை எடுத்தார்.

பசி வருவதற்கு ஒரு மருந்து இருக்கிறது என்று கடிதம் எழுதித் தந்தார். என்ன மருந்து என்றேன். கஞ்சா என்றார். ஊரில் அதை மடியில் வைத்திருந்தவனைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இங்கே டொக்டர் கையெழுத்துப் போட்டு, எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறார்.

கடிதத்தோடு போன இடத்துக்குப் பிரெஞ்சில் பதினொரு சொல்லில் பெயர். தமிழில் ஆறுதல் மூலிகை நிலையம் என்று சொன்னால் போதும். எங்களுக்கு மொழிபெயர்க்க ஞானேந்திரன் என்ற தம்பியை ஒழுங்கு செய்திருந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய பொடியன். எங்களோடு கதைத்தால் ஊர்ப் பேச்சு. மொழிபெயர்க்கத் தொடங்கினால் வானொலிச் செய்தி.

மூலிகையைக் கையில் தரவில்லை. முதலில் வகுப்பு என்றார்கள். நோயாளியின் கணவரும் வகுப்புக்கு வர வேண்டுமாம். புஷ்பவதி நடக்க முடியாமல் வெளியே கதிரையில் சாய்ந்திருக்க, நான் உள்ளே போனேன். மதாம் கரோன் என்ற அம்மா வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு சிறிய போத்தலை எடுத்தார். உள்ளே உறைபனி பிடித்த பாசி மாதிரி ஏதோ இருந்தது.

"இது கலப்பினம்," என்று ஞானேந்திரன் மொழிபெயர்த்தான். "அறுபது வீதம் உற்சாகம் தரும் குலம். நாற்பது வீதம் ஓய்வு தரும் குலம். தாய்வழி பிரேசில் தேசம். தந்தைவழி தென்னிந்தியா."

தென்னிந்தியா என்றபோது மதாம் கரோன் என்னைப் பார்த்துத் தலை குனிந்தார், சம்பந்தி வீட்டாருக்குக் குனிகிற மாதிரி.

"நாங்கள் யாழ்ப்பாணம்," என்றேன்.

"அந்தப் பக்கம்தானே என்கிறார்," என்றான் ஞானேந்திரன்.

பிறகு போத்தலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள். பைன் மரமும் எலுமிச்சையும் மழை பெய்த மண்ணும் மணக்க வேண்டுமாம். என்ன மணக்கிறது என்று கேட்டார்கள்.

"ஆட்டுக்கொட்டில்," என்றேன்.

மதாம் கரோன் அதைப் பதிந்தார். அப்படி ஒரு மணம் பட்டியலில் இல்லாதபடியால் இன்னொரு தரம் மணக்க விட்டார். மூன்றாம் தரம் பைன் மரம் என்று ஒப்புக்கொண்டேன். வெளியே மனிசி பசியில்லாமல் செத்துக்கொண்டிருந்தாள்.

பலன்களை அந்த அம்மா வரிசையாக வாசித்தார். பரவசம், பேச்சு நாட்டம், படைப்பாற்றல், தசைத் தளர்வு, பசி. பக்க விளைவு: வாய் காய்தல், தலைச்சுற்று. ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றுக்கும் நோயாளி இலக்கம் போட வேண்டும். பன்னிரண்டு வாரம் முடிய, ஒரு பலனாவது எட்டு அல்லது அதற்கு மேல் என்று நிலைத்தால் அனுமதி புதுப்பிக்கப்படும். இல்லாவிட்டால் மிச்ச மூலிகை திரும்ப எடுக்கப்படும். பட்டியலின் அடியில் 'ஏனைய பலன்' என்று ஒரு வெறும் பெட்டி இருந்தது. அது எதற்கு என்றேன். அதை இதுவரை ஒருவரும் நிரப்பவில்லை என்றார்கள்.

போத்தலோடு வெளியே வந்தபோது லேபிளைக் காட்டி, "தம்பி, என்ன பேர் போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"வெள்ளை விதவை, ஐயா."

"என்னடா சொல்லுறாய்?"

"நான் வைச்ச பேரில்லை ஐயா. நல்லா ஓடுற சாமானாம். எல்லா நாட்டிலயும் உந்தப் பேர்தான்."

புஷ்பவதியைத் தெரிந்தவர்களுக்கு என் நிலைமை விளங்கும். விடியக் காலமை முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சன்னலைத் திறப்பாள். வெள்ளைச் சீலை ஒன்று ஆரோ அன்பளிப்பாகத் தந்ததற்கு அந்த வீட்டுப் பக்கம் ஆறு வருஷம் போகாதவள். இந்தப் பெயருள்ள சாமானை அவள் தன் வாயில் வைப்பாளா? செத்தாலும் வைக்க மாட்டாள். அவள் செத்தால்தான் எனக்குக் கரைச்சல். கேத்தில் ஆவியில் பிடித்து லேபிளை உரித்தேன். நகம் எல்லாம் பசை.

"இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டாள்.

"பேரில்லை. இலக்கம்தான்."

புகைக்கச் சொல்லியிருந்தார்கள். "இந்த வயதில என்னைச் சுருட்டுப் பத்தச் சொல்லுறியளோ?" என்று திரும்பிப் படுத்தாள். வெண்ணெயில் சேர்த்துத் தரலாம் என்று இன்னொரு படிவம் போட்டு அனுமதி எடுத்தேன். மூன்றாம் நாள் அரைக் கோப்பை கஞ்சி குடித்தாள். ஒரு கிழமையில் இடியப்பம் கேட்டாள். இரண்டு மாதத்தில் நாற்பத்தொரு கிலோ. நான் தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

சிக்கல் தொடங்கியது இலக்கத்தில். பின்னேரம் ஐந்து மணிக்குப் படிவத்தோடு பக்கத்தில் குந்துவேன்.

"பரவசம்?"

"அது என்னது? கோயில்ல உரு வாறதோ?"

"எனக்குத் தெரியாது. எத்தனை போட?"

"ஒண்டு."

"படைப்பாற்றல்?"

"ஒண்டு."

"பசி?"

"ஒண்டு."

"இப்பதானே கோப்பையை விரலால வழிச்சனீ?"

"மெதுவாக் கதையுங்கோ. நான் திண்டதைக் கடதாசியில எழுதி நாலு பேருக்கு வாசிக்கக் குடுக்கப் போறியளே? தெரியாத வெள்ளைக்காரர் எல்லாம் வாசிப்பினம். கண்ணூறு நாவூறு படாதே?"

எங்கள் ஆட்களில் ஆர்தான் நன்றாக இருக்கிறேன் என்று வாய் திறந்து சொல்கிறான்? வீடு வாங்கினவனும் 'ஏதோ இருக்கிறம்' என்றுதான் சொல்லுவான். எனக்கும் அது பிழையாகப் படவில்லை. ஒன்று போட்டேன். பக்க விளைவுகளுக்கு மட்டும் அவள் கை தாராளம். வாய் காய்தல் பத்து. தலைச்சுற்று ஒன்பது. வருத்தத்தைக் கூட்டிச் சொன்னால் ஆரும் கண் வைக்க மாட்டார்கள் அல்லவா. எண்பத்து நாலு நாளும் அப்படியே எழுதி, கிழமைக்குக் கிழமை தபாலில் போட்டேன்.

கடிதம் வந்தது. லவால் நகரத்தில் இருக்கிற என் மகள் சாம்பவிக்கு ரெலிபோன் எடுத்து எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

"அப்பா, மருந்து வேலை செய்யேல்லையாம். கூடாத விளைவு மட்டும்தானாம். பதினாறாம் திகதி விசாரணை. அம்மாவையும் போத்தலையும் கொண்டு வரட்டாம். போத்தலை எடுக்கப் போயினம்."

"ஊசி இருபதாம் திகதியெல்லே."

"அதுதான் அப்பா. ரண்டு நாள் சாப்பிடாட்டி அம்மா திரும்ப முப்பத்தொன்பது. ஏன் எல்லாத்துக்கும் ஒண்டு போட்டனீங்கள்? எட்டு எண்டு போட்டிருக்கலாமே."

"கொம்மா சொன்னதைப் போட்டனான்."

"அப்ப அம்மா அங்க வந்து எட்டு எண்டு சொல்லட்டும்."

நான் மனிசியைப் பார்த்தேன். சுவருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு விசுக்கோத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் திகதி பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். ஒரு மணி வரைக்கும் இருக்க வைத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மூலிகை வெண்ணெய் பூசிய பாண் துண்டு ஒன்று மனிசிக்குக் கொடுத்தேன். பையில் சாப்பாட்டுக் கேரியர்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், டொக்டர் பியூப்ரே. ஒரு பக்கம் மதாம் கரோன். மற்றவருக்கு ஒரே வேலைதான். தலைவருக்குத் தண்ணீர் ஊற்றினார். தலைவர் முதல் வேலையாகப் போத்தலை என்னிடமிருந்து வாங்கித் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு எழுந்து நின்று பேசினார். ஞானேந்திரன் மொழிபெயர்த்தான்.

"இந்த நிலையம் நோயாளியின் குரலுக்காக நிறுவப்பட்டது. குரல் எங்களுக்குப் படிவத்தின் வழியாக மட்டுமே கேட்கும். இந்தக் கலப்பினம் மகிழ்ச்சி தருவது என்று எங்கள் நூலில் எழுதப்பட்டிருக்கிறது. நூலை நாங்களே எழுதினோம், ஆகவே அதில் ஐயமில்லை. அம்மையார் எண்பத்து நாலு நாள் மகிழவில்லை. மூலிகை பிழைவிடாது. நிலையமும் பிழைவிடாது. மிஞ்சி இருப்பவர் அம்மையார்தான்."

"அவ சாப்பிடுறா," என்றேன். "நாற்பத்தொரு கிலோ. ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்கோ."

"நிறை எங்கள் பட்டியலில் இல்லை என்கிறார்."

"தம்பி, எங்கட சனம் நல்லதை வாயால சொல்லாது எண்டு அவருக்கு விளங்கப்படுத்து."

ஞானேந்திரன் குரலைத் தாழ்த்தினான். "ஐயா, எனக்கு விளங்குது. என்ர அம்மாவும் உப்பிடித்தான். ஆனா மொழிபெயர்ப்பாளர் விளக்கம் சொல்லக்கூடாது. சட்டம். ரண்டு பேரை ஏற்கனவே நிப்பாட்டிப் போட்டினம்."

அப்போது பின்னால் தகரம் திறக்கிற சத்தம் கேட்டது. புஷ்பவதி கேரியரைத் திறந்துவிட்டாள். நேரம் ஒன்றரை, பாண் துண்டு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. மூன்று பேர் கண்ணும் சாப்பாட்டில் படக்கூடாது என்று கதிரையோடு திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். இடியப்பத்தைத் தேங்காய்ப்பால் சொதியில் தோய்த்து வாயில் வைத்தாள். சொதி மணம் அறை முழுக்கப் பரவியது. தண்ணீர் ஊற்றுகிற மனுசன் மூக்கை உறிஞ்சினார்.

தலைவர் படிவத்தைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். "பசி: முதலாம் நாள் ஒன்று. இரண்டாம் நாள் ஒன்று."

"ஐயா, திரும்பிப் பாருங்கோ," என்றேன். "இப்ப சாப்பிடுறா. நாலாவது இடியப்பம்."

"நாங்கள் காண்பது சாட்சியம் அல்ல என்கிறார். காண்பதை எல்லாம் ஏற்றுக்கொண்டால் படிவம் எதற்கு?"

மதாம் கரோன் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "அம்மையார் உணவை வெறுப்பதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது."

ஐந்தாவது இடியப்பம் போனது. தலைவர் எண்பத்து நாலாம் நாள் வரைக்கும் வாசித்து முடித்தார். பிறகு போத்தலைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். முகம் மாறியது.

"லேபிள் எங்கே?"

ஞானேந்திரன் என்னைப் பார்த்தான். நான் மனிசியின் முதுகைப் பார்த்தேன்.

"தானாக் கழண்டது."

"ஆவி பிடித்து உரித்த அடையாளம் இருக்கிறது என்கிறார். பெயரில்லாத மூலிகையை நோயாளி உண்டிருக்கிறார். பெயரில்லாமல் பலன் எப்படி வரும் என்று கேட்கிறார். ஏன் உரித்தீர்கள்?"

சொன்னால் அவள் கேட்பாள். கேட்டால் இனி அந்த வெண்ணெயைத் தொட மாட்டாள். சொல்லாவிட்டால் போத்தல் போய்விடும். இரண்டு பக்கமும் முப்பத்தாறு கிலோ. அகதி விசாரணையில் பிறந்த திகதியை இரண்டு மணித்தியாலம் கேட்டார்கள். அதற்குக்கூட எனக்கு இப்படி வேர்க்கவில்லை. தலைவர் மேசை லாச்சியைத் திறந்து போத்தலை உள்ளே வைத்தார்.

"உந்த வெள்ளை விதவை எண்ட பேருக்காகத்தான் உரிச்சவர்," என்று பின்னால் இருந்து குரல் வந்தது.

புஷ்பவதி கை துடைத்துக்கொண்டு கதிரையைத் திருப்பினாள்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஆஸ்பத்திரியில ஊசி போடுற எங்கட ஊர்ப் பிள்ளை றோசலின். முதல் கிழமையே சொல்லிட்டாள். நீங்கள் ஒளிச்சு ஒளிச்சு நகத்தால சுரண்டிக்கொண்டு திரியேக்க நான் என்னத்தைக் கேக்கிறது?"

"தெரிஞ்சுகொண்டோ திண்டனீ?"

"பயந்து பயந்துதான் திண்டனான். ராவில எழும்பி உங்களுக்கு மூச்சு வருதோ எண்டு பாக்கிறனான்." பிறகு ஞானேந்திரன் பக்கம் திரும்பினாள். "தம்பி, உவையிட்டச் சொல்லு. பரவசம் கிரவசம் எனக்குத் தெரியாது. மூண்டு மாசமா விதவை எண்ட பேரை முழுங்கியும் இந்தாள் கல்லுமாதிரி முன்னால நிக்கிறார். பலன் எண்டு கேட்டா எனக்கு அதுதான் பலன். அதுக்கு எத்தனை போடலாம் எண்டு கேள்."

"நீங்கள்தான் அம்மா போடவேணும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சந்தையில் மரக்கறி பார்க்கிற பார்வை.

"பத்து."

ஞானேந்திரன் மொழிபெயர்த்தான். அவன் குரல் வானொலிச் செய்தி மாதிரி இருக்கவில்லை. மூன்று பேரும் தலையைக் கூட்டிக் குசுகுசுத்தார்கள். மதாம் கரோன் பட்டியலின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். தலைவர் பேனையைத் திறந்து, இதுவரை ஒருவரும் நிரப்பாத பெட்டியில் எழுதினார். எழுதினதை எழுந்து நின்று வாசித்தார்.

"ஏனைய பலன்: கணவர் உயிருடன் இருத்தல். பத்துக்குப் பத்து. இந்தக் கலப்பினத்தின் இப்படி ஒரு குணத்தை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் எதிர்பார்த்தோம் என்று நூலின் அடுத்த பதிப்பில் சேர்ப்போம். அனுமதி மூன்று மாதத்துக்கு நீடிக்கப்படுகிறது."

லாச்சி திறந்தது. போத்தல் என் கைக்கு வந்தது. புது லேபிள் ஒட்டித்தான் தந்தார்கள். பெரிய எழுத்து.

லிப்ட்டுக்குள் புஷ்பவதி என்னைக் குனியச் சொன்னாள். குனிந்தேன். என் தலையைச் சுற்றி மூன்று தரம் தூ தூ தூ என்றாள். கூட நின்ற தபால்காரன் மூலைக்கு ஒதுங்கினான்.

இருபதாம் திகதி தராசில் நாற்பத்தொரு கிலோ இருநூறு கிராம். ஊசி ஏற்றினார்கள். எத்தனை கிலோ என்று சாம்பவி ரெலிபோனில் கேட்டபோது, "ஏதோ இருக்கிறன்," என்றாள் புஷ்பவதி.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அடுத்த கிழமை இன்னொரு கடிதம். பலன் நிலைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக, திங்கட்கிழமை தோறும் கணவர் நேரில் வந்து உயிருடன் இருப்பதை உறுதிப்படுத்த வேண்டுமாம்.

போனேன். மதாம் கரோன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து படிவத்தை நீட்டினார். பக்கத்தில் ஞானேந்திரன்.

"நான்தான் வந்து நிக்கிறனே," என்றேன்.

"நீங்கள் நிற்பதைக் காண்கிறாவாம் ஐயா. ஆனா காண்பது சாட்சியம் அல்ல." அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எவ்வளவு உயிருடன் இருக்கிறியள் எண்டு இலக்கம் போடட்டாம். ஒண்டிலயிருந்து பத்துக்குள்ள."

"எட்டுக்குக் கீழே எண்டால்?"

"போத்தலை எடுப்பினம்."

எழுபத்திரண்டு வயது. முழங்காலில் நீர். ஒரு கண்ணில் புரை. விடிய எழும்பி மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறேன். நியாயமாகப் பார்த்தால் நான்கு. எங்கள் ஆட்களின் கணக்குப்படி ஒன்று. பேனையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.

எட்டு என்று போட்டேன்.

"மெர்சி," என்று நன்றி சொன்னார் மதாம் கரோன். இன்றைய சேவை எவ்வளவு திருப்தி என்று இன்னொரு சின்னக் கடதாசியை நீட்டினார். அதை வாங்காமல் திரும்பி நடந்தேன். மெற்றோப் படியில் இறங்கும்போது இரண்டு தரம் நின்று கைபிடியைப் பிடித்து மூச்சு வாங்கினேன். ஐம்பது வருஷத்தில் என் சமையலுக்கோ உழைப்புக்கோ ஒருநாளும் ஐந்துக்கு மேல் தராதவள் விசாரணையன்று பத்து என்றாள். அதையும் நான் நம்பவில்லை. இந்த எட்டையும் நம்பவில்லை.